டான்சிலில் ஒளிந்த வைரஸ்

வைரஸ்களின் வரலாறு – 19

1964, ஜனவரி 11. சனிக்கிழமை. புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்ற அரசு அறிக்கையை அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வாஷிங்டனில் வெளியிட்டார். சிகரெட் நிறுவனங்களின் பங்குகள் சரிந்து சந்தை கலகலத்துவிடக் கூடாது என்பதற்காகவே விடுமுறை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில், அந்த நாட்டில் வயதுவந்தோரில் 42 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள். 2000-ம் ஆண்டில் அது 23 சதவீதமாகக் குறைந்திருந்தது.

புகை குறைந்தால் புகையால் வரும் நோயும் குறையத்தானே வேண்டும்? குறைந்தது. குரல்வளைப் புற்றுநோய் குறைந்தது. கன்னத்தின் உட்புறத்திலும் வாயின் அடித்தளத்திலும் வரும் புற்றுநோயும் குறைந்தது. ஆனால், தொண்டையின் நடுவே, வாயைத் திறந்தால் பின்னால் தெரிகிற பகுதியில் மட்டும் கணக்கு உதைத்தது. டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும் புற்றுநோய் குறையவில்லை. 1990-களில் அது மெல்ல ஏறத் தொடங்கியது.

அந்த நோயாளிகளும் வழக்கமான ஆட்களாக இல்லை. தொண்டைப் புற்றுநோய் என்றால் மருத்துவர்கள் மனதில் ஓர் உருவம் இருந்தது: அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருடம் புகைபிடித்தவர், கூடவே குடிப்பழக்கம். இப்போது வந்தவர்களில் பலருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நல்ல வேலை, நல்ல உடல்நலம். சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்களும் இருந்தார்கள். ‘தொண்டை வலிக்கிறது’ என்றுகூட அவர்கள் வரவில்லை. காலையில் சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது என்று வந்தார்கள்.

பால்டிமோரில் ஒரு பரிசோதனை

சென்ற வாரம் நாம் சந்தித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்டு ஸூர் ஹாஸன், 1983-ல் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவிலிருந்து ஹெச்.பி.வி. 16 என்ற வைரஸைப் பிரித்தெடுத்தார். பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை சாது. விரலிலும் பாதத்திலும் மரு உண்டாக்குவதோடு நிறுத்திக்கொள்பவை. பத்துப் பதினைந்து வகைகள்தான் புற்றுநோய் வரை போகும். அவற்றில் கொடியது இந்த 16.

ஸூர் ஹாஸன் கண்டுபிடித்த அதே 1983-ல், பின்லாந்தில் காரி சிர்யானென் தலைமையிலான குழு வாய்ப் புற்றுநோய்த் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, ‘இங்கேயும் அந்த வைரஸின் சாயல் தெரிகிறது’ என்று எழுதியது. காது மூக்கு தொண்டை மருத்துவர்களில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புகையும் மதுவும் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாக நம்பிய காலம் அது.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாரா கில்லிசன் என்ற இளம் மருத்துவர் 1990-களின் பிற்பகுதியில் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தார். அவருடன் பணியாற்றியவர்களில் ஒருவர் கீர்த்தி ஷா. இந்தியாவில் பிறந்து ஹாப்கின்ஸில் பெயர் பெற்ற வைரஸ் ஆய்வாளர். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் ஹெச்.பி.வி-க்கும் உள்ள தொடர்பை உறுதிசெய்த ஆய்வுகளில் அவருக்குப் பங்கு உண்டு.

தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 253 பேரின் கட்டித் திசுக்களைக் கில்லிசன் குழு சோதித்தது. நான்கில் ஒன்றில் ஹெச்.பி.வி. இருந்தது. அப்படி இருந்தவற்றில் பத்தில் ஒன்பது, 16-ம் வகை. கட்டிகள் எங்கே இருந்தன என்று பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை துலங்கியது. வைரஸ் கிடைத்தவற்றில் பெரும்பகுதி டான்சிலிலும் அதை ஒட்டிய இடங்களிலும் வந்த கட்டிகள். வைரஸின் மரபுப்பொருள் எச்சிலோடு வந்து ஒட்டிய அழுக்காக மேலே கிடக்கவில்லை. புற்றணுக்களின் உட்கருவுக்குள்ளேயே இருந்தது. 2000-ல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வைரஸ் உள்ள நோயாளிகள், வைரஸ் இல்லாதவர்களைவிட அதிக காலம் உயிரோடு இருந்தார்கள்.

ஒரே இடத்தில், ஒரே பெயரில், இரண்டு தனி நோய்கள் இருந்திருக்கின்றன. ஒன்று புகையால் வருவது. இன்னொன்று வைரஸால் வருவது. புகை குறையக் குறைய முதலாவது விலகிக்கொள்ள, இரண்டாவது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

2011-ல் அனில் சதுர்வேதியும் கில்லிசனும் சகாக்களும் பழைய திசுக்களைத் தேடியெடுத்துச் சோதித்தபோது இது எண்களாகவே கிடைத்தது. 1984 முதல் 1989 வரையிலான நடுத்தொண்டைப் புற்றுநோய்க் கட்டிகளில் 16 சதவீதத்தில்தான் ஹெச்.பி.வி. இருந்தது. 2000 முதல் 2004 வரையிலான கட்டிகளில் அது 72 சதவீதம்.

ஏன் டான்சில்?

வாய்க்குள் நுழைகிற வைரஸுக்கு நாக்கு, கன்னம், அண்ணம் என்று இடம் நிறைய இருக்கிறது. அது ஏன் டான்சிலைத் தேடிப் போகிறது?

‘தொண்டையில் சதை’ என்று நாம் சொல்லும் டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பானதல்ல. ஒவ்வொரு டான்சிலிலும் பத்திலிருந்து முப்பது வரை குழிகள், உள்ளே கிளை பிரிந்து இறங்குகின்றன. மூச்சிலும் உணவிலும் வருகிற கிருமிகளைப் பிடித்து நோய் எதிர்ப்பு அணுக்களிடம் காட்டுவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. அந்தக் காரணத்தால், குழிகளின் அடியில் தோல்படலம் நெருக்கமாக இல்லை. இடைவெளி விட்டு இருக்கிறது.

ஹெச்.பி.வி-க்கு வேண்டியது படலத்தின் மேலடுக்கு அல்ல, அடியடுக்கு அணு. மற்ற இடங்களில் கீறலோ சிராய்ப்போ இருந்தால்தான் அதை எட்ட முடியும். டான்சில் குழியில் அந்தச் சிரமம் இல்லை. ஓடு விலகிய கூரையில் மழைநீர் இறங்குவதுபோல இறங்கிவிடலாம். கிருமியைப் பிடிப்பதற்காக அமைந்த இடமே இந்தக் கிருமிக்கு மட்டும் வாசலாகிவிட்டது.

பெரும்பாலானோருக்கு இங்கேயே கதை முடிந்துவிடும். ஓரிரு ஆண்டுகளில் உடலே வைரஸை வெளியேற்றிவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ6 என்பது பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கும். சேதமடைந்த அணுவைப் பெருகவிடாமல் தடுத்து, தேவைப்பட்டால் சாகவைப்பதுதான் பி53-ன் வேலை. ஈ7 என்பது, அணு எப்போது பிரியலாம் என்று கட்டுப்படுத்தும் இன்னொரு புரதத்தை முடக்கும். இரண்டு தடைகளும் போன பிறகு அணு பெருகிக்கொண்டே போகும். பிழைகள் சேரும். புற்றுநோயாக மாறப் பல பத்தாண்டுகள் ஆகும். இருபதுகளில் தொற்றிய வைரஸ் ஐம்பதுகளில் கட்டியாகத் தெரிவது இதனால்தான்.

ஈ7 செய்யும் இந்த அத்துமீறல் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. பி16 என்ற புரதம் அணுவுக்குள் அளவுக்கு மீறிக் குவிகிறது. பயாப்ஸி எடுத்த துணுக்கைச் சாயமிட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். வைரஸால் வந்த கட்டியா, இல்லையா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல இந்த எளிய சோதனை போதும். தொண்டைப் புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழு, 2018 முதல் பி16 உள்ள நடுத்தொண்டைப் புற்றுநோய்க்கு முற்றிலும் தனியான நிலைப் பட்டியலையே கொண்டுவந்துவிட்டது. பழைய பட்டியலில் நான்காம் நிலை என்று எழுதப்பட்ட பலர், புதிய பட்டியலில் முதல் நிலைக்கு வந்தார்கள்.

பேசக் கூசிய விஷயம்

வைரஸ் வாய்க்குள் எப்படி வருகிறது? 2007-ல் ஹாப்கின்ஸ் குழு, புதிதாக நோய் கண்ட 100 பேரையும் நோய் இல்லாத 200 பேரையும் ஒப்பிட்டது. ஹெச்.பி.வி. 16-க்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு அதிகமாக இருந்தது. வாழ்நாளில் எத்தனை பேருடன் வாய்வழி உறவு வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தும் ஆபத்து கூடியது. புகையும் குடியும் இல்லாதவர்களிடமும் இந்தத் தொடர்பு இருந்தது.

மருத்துவ இதழில் அச்சான இந்த உண்மை, ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு நடிகரின் வாயிலிருந்து வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. ஹாலிவுட் நடிகர் மைக்கேல் டக்ளஸ் தனக்குத் தொண்டைப் புற்றுநோய், அதுவும் நான்காம் நிலை என்று 2010-ல் அறிவித்திருந்தார். கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து குணமானார். 2013 ஜூன் மாதம் ‘கார்டியன்’ நாளிதழின் நிருபர், அத்தனை வருடம் புகைத்ததற்கும் குடித்ததற்கும் வருந்துகிறீர்களா என்று கேட்டபோது, இல்லை, இந்தப் புற்றுநோய் வாய்வழி உறவால் வரும் ஹெச்.பி.வி. வைரஸால் வருவது என்கிற பொருளில் பதில் சொன்னார். மறுநாள் உலகம் முழுக்க அதுதான் செய்தி. ‘அவர் பொதுவாகச் சொன்னது; தனக்கு அப்படி வந்தது என்று சொல்லவில்லை’ என்று அவர் தரப்பு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு திருப்பம். தனக்கு வந்தது உண்மையில் நாக்குப் புற்றுநோய் என்றார் டக்ளஸ். நாக்கு என்று சொன்னால், அறுவை சிகிச்சை, தாடை இழப்பு என்று செய்தி பரவும்; நடிகருக்கு அது நல்லதல்ல என்று மருத்துவர் சொன்ன யோசனைப்படி ‘தொண்டை’ என்று அறிவித்தாராம்.

சுற்றி வளைக்காமல் பேசியவர் பிரிட்டனின் ‘அயர்ன் மெய்டன்’ இசைக்குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன். நாக்கின் அடியில் ஒரு கட்டி, கழுத்தின் நிணநீர்க் கணுவில் ஒன்று. 2014 டிசம்பரில் நோய் தெரிந்தது. அதற்குச் சற்று முன்புதான் இரட்டை ஆல்பம் ஒன்றுக்கான பாடல்களை அதே தொண்டையால் பாடி முடித்திருந்தார். 2015 மே மாதம் நோய் நீங்கியதாக அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு உலகச் சுற்றுப்பயணத்தில் மேடையேறினார். குழு பயணித்த போயிங் 747 விமானத்தையும் அவரே ஓட்டினார். தனக்கு வந்தது ஹெச்.பி.வி-யால்தான் என்பதைப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் கழுத்தில் கட்டி தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி.

இப்படிப்பட்ட பேட்டிகளைப் படித்துவிட்டு வாழ்க்கைத்துணையைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் அர்த்தமில்லை. தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 14 முதல் 69 வயது வரை உள்ள 5,579 பேரின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி அந்த நீரைச் சோதித்தபோது, நூறில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு ஹெச்.பி.வி. இருந்தது. ஆபத்தான 16-ம் வகை இருந்தது நூறில் ஒருவருக்கு. அவர்களிலும் மிகச் சிலருக்கே புற்றுநோய் வரும். ஆண்களிடம் இந்தத் தொற்று பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. நோயிலும் ஆண்களே மிக அதிகம். 2015-ல் அமெரிக்காவில் 15,479 ஆண்களுக்கும் 3,438 பெண்களுக்கும் இவ்வகைப் புற்றுநோய் வந்தது. இரண்டையும் கூட்டினால், அந்த ஆண்டு அங்கே பதிவான 11,788 கருப்பை வாய்ப் புற்றுநோய்களைவிட அதிகம். பெண்களின் நோய் என்று பெயர் வாங்கிய வைரஸ், அந்த நாட்டில் ஆண்களின் தொண்டையில் மையம் கொண்டுவிட்டது.

மருந்தைக் குறைக்கலாமா?

2010-ல் கீ-கியான் ஆங் தலைமையிலான குழு 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஹெச்.பி.வி. உள்ளவர்களில் 82 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இல்லாதவர்களில் 57 சதவீதம். வைரஸால் வந்த கட்டி கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் எளிதில் மசிகிறது. ஆனால், வைரஸும் புகைப்பழக்கமும் சேர்ந்துவிட்டால் அந்தச் சாதகம் குறைகிறது.

இதிலிருந்து ஓர் ஆசை பிறந்தது. நம் ஊரில் ‘கரன்ட் வைப்பது’ என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையைக் கழுத்துக்குக் கொடுத்தால் எச்சில் வற்றும், சுவை போகும், விழுங்குவது வருடக்கணக்கில் சிரமமாகும். கூடவே கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஐம்பது வயதில் குணமாகி இன்னும் முப்பது வருடம் வாழப்போகிறவருக்கு இத்தனை கடுமை எதற்கு? சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்தால் என்ன?

பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 334 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு ஏமாற்றம். இரண்டு ஆண்டுகளில் சிஸ்பிளாட்டின் வாங்கியவர்களில் 97.5 சதவீதம் பேர் உயிர் பிழைத்திருந்தார்கள். செடுக்ஸிமாப் வாங்கியவர்களில் 89.4 சதவீதம். பக்கவிளைவும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 2018 இறுதியில் வெளியான இந்த ஆய்வும், அதே சமயம் வெளியான அமெரிக்க ஆய்வும் மருத்துவர்களை நிதானிக்க வைத்தன. கதிர்வீச்சின் அளவைக் குறைப்பது, ரோபோ உதவியுடன் வாய் வழியே அறுவை செய்வது என்று வேறு வழிகளில் தேடல் தொடர்கிறது.

திண்டுக்கல்லில் முடிந்தது, தொண்டையில் முடியவில்லை

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, உலகச் சுகாதார வட்டாரங்களில் புகழ்பெற்றது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமத்துப் பெண்களின் கருப்பை வாயில் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாக மாறிய இடத்துக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2007-ல் வெளியிட்ட முடிவின்படி, கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. ஆய்வுக்கூடம் இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை.

தொண்டைக்கு ஏன் இப்படி ஒரு சோதனை இல்லை? கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பல வருடம் நிற்கிறது. டான்சிலில் மாற்றம் தொடங்குவது குழியின் ஆழத்தில். எட்டிப் பார்க்கவும் முடியாது, சுரண்டி எடுக்கவும் முடியாது. கட்டி சிறியதாக இருக்கும்போதே நிணநீர்க் கணுவுக்குப் பரவிவிடுவதால், முதல் அறிகுறியே கழுத்துக் கட்டியாக இருக்கிறது. சில சமயம் அந்தக் கட்டிக்குள் நீர் கோத்து, சாதாரண நீர்க்கட்டி என்று ஏமாற்றவும் செய்யும்.

சளி பிடித்தால் நம் வீடுகளில் ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள். அது வலிக்கும், ஒன்றிரண்டு வாரங்களில் வடிந்துவிடும். வலியில்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி, ஒரு பக்கம் மட்டும் பெருத்த டான்சில், ஒரு பக்கக் காதுவலி, விழுங்கும்போது ஏதோ தட்டுப்படும் உணர்வு ஆகியவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டியவை. ஆன்டிபயாடிக் மாத்திரையை மாற்றி மாற்றி விழுங்கிக்கொண்டிருக்க வேண்டியவை அல்ல.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஹெச்.பி.வி. தடுப்பூசியின் மதிப்பு கூடுகிறது. கோஸ்டாரிகாவில் கருப்பை வாய்க்காக நடந்த தடுப்பூசிச் சோதனையில், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 5,840 இளம்பெண்களின் வாய்க் கொப்பளிப்பு நீரையும் சோதித்தார்கள். ஊசி போடாதவர்களில் 15 பேர் வாயில் 16 அல்லது 18-ம் வகை வைரஸ் இருந்தது. ஊசி போட்டவர்களில் ஒருவருக்கு மட்டும். ஆஸ்திரேலியா 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே இந்த ஊசியைப் போடுகிறது. பிரிட்டன் 2019-ல் தொடங்கியது. தொண்டைப் புற்றுநோயைத் தடுக்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் சேர்த்துக்கொண்டது. ஊசி போட்ட தலைமுறை ஐம்பது வயதை எட்டும்போதுதான் முழுப் பலன் கணக்கில் வரும்.

இந்தியாவின் கணக்கு வேறு. இங்கே ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். பீடி, குட்கா, புகையிலை சேர்த்த வெற்றிலை என்று காரணங்கள் வாயிலேயே இருக்கின்றன. தொண்டைப் புற்றுநோயிலும் ஹெச்.பி.வி-யின் பங்கு அமெரிக்கா அளவுக்கு இல்லை. 1964-ல் அமெரிக்கா இருந்த இடத்தில்தான் நாம் நிற்கிறோம். புகையிலையின் நிழலில் வைரஸ் தெரியாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. பயாப்ஸி எடுக்கும்போது பி16 சோதனையும் சேர்த்துச் செய்யும் மருத்துவமனைகள் பெருகினால்தான் நம் எண்கள் தெளிவாகும். சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரித்த உள்நாட்டுத் தடுப்பூசியான ‘செர்வாவேக்’ 2023 ஜனவரியில் அறிமுகமானது. நம் நாட்டில் இதைப் பற்றிய பேச்சு முழுக்கப் பெண் குழந்தைகளைச் சுற்றியே இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் இங்கே எடுக்கும் உயிர்களைப் பார்த்தால் அந்த முன்னுரிமை சரியானதுதான். பையன்களின் முறை எப்போது என்பது இன்னும் கேட்கப்படாத கேள்வி.

தொண்டையில் இன்னொரு வைரஸும் வேலை செய்கிறது. டான்சிலுக்கு மேலே, மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில். உலகில் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸைச் சுமக்கிறார்கள். ஆனால் அது புற்றுநோயாவது தென்சீனாவின் குவாங்டொங், இந்தியாவின் நாகாலாந்து போன்ற சில இடங்களில்தான் அதிகம். டான்சிலில் முடியாத முன்கூட்டிய கண்டுபிடிப்பை, ஹாங்காங்கில் 20,174 ஆண்களிடம் வெறும் ரத்தப் பரிசோதனையில் செய்து காட்டியிருக்கிறார்கள். எப்ஸ்டீன்–பார் என்ற அந்த வைரஸைத் தேடி அடுத்த வாரம் ஹாங்காங் போவோம்.

(தொடரும்)